கணக்கேட்டின் மறுபக்கம்

ஹார்ஸ் மலையில் வெள்ளிச் சுரங்கம் மூடி நெடுங்காலம்.
அதன் காகிதங்களில் மட்டும் ஈரம் வற்றவில்லை.
அவற்றைப் படமெடுப்பது என் வேலை.
மணிக்கு நாற்பது பக்கம். கையில் உறை. வாயில் பேச்சில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று, மார்ச்.
டிராவ்கோட் ஈசன்ஸே என்ற எழுத்தன்
கோடு பிசகாமல் எழுதியிருக்கிறான்:
கீழைச் சரிவு, பீச், நானூற்றுப் பன்னிரண்டு.
ஓடைக்கரை, ஓக், தொண்ணூறு.
உருக்காலைக் கரிக்கு. சுரங்கத்தின் முட்டுக்கட்டைக்கு.
எதிரே வெட்டுக்கூலி.
கூட்டிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

தாளைத் திருப்பினேன்.
அதே மை, அதே சாய்ந்த கை.
வரிகள் மட்டும் ஓரம்வரை போகவில்லை.

        உன்னை இழுத்துப்போன குதிரைகளின் தடத்தில்
        மழை தேங்கி நிற்கிறது.
        எந்த வேருக்குப் போவதென்று
        அதற்குத் தெரியவில்லை.
        உன்னுள் நுழைந்தபோதெல்லாம்
        என் பெயரை வெளியே கழற்றிவைத்தேனே,
        இனி அதை எங்கே வைப்பேன்?

சிரிப்பு வந்தது எனக்கு.
பகலில் எண்ணிக்கை, இரவில் ஒப்பாரி.
நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.
பிறகு அந்த நானூற்றுப் பன்னிரண்டை
இன்னொரு முறை பார்த்தேன்.
அவன் நானூறு என்று எழுதியிருக்கலாம்.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் அவனைப் போல எத்தனையோ பேர்.
காட்டை முதலில் இழந்தார்கள், அப்புறம் பாடினார்கள்.
பாட்டைப் படித்த பிள்ளைகள்
மடித்த புத்தகத்தோடு மலையேறி வந்தால்
மலை மொட்டை.
புத்தகத்தில் இருந்த இருட்டு அவர்களுக்கு வேண்டும்,
உடனே வேண்டும்.
சுரங்கத்துக்கும் கட்டை வேண்டும், உடனே வேண்டும்.
விரைவில் வளர்வது ஸ்புரூஸ்.
சீப்பின் பற்கள்போல நட்டார்கள்.

நாங்கள் பிறந்து பார்த்த காடு அதுதான்.
ஆதியிலிருந்தே நிற்பதாக நம்பினோம்.

மூன்று கோடைகள் மழை பொய்த்தது.
அரிசிமணி அளவு வண்டு ஒன்று வந்தது.
அச்சுக்காரன் என்று அதற்கு எங்கள் மொழியில் பெயர்.
பட்டைக்கடியில் வரிவரியாகக் குடைந்து
மலை முழுவதையும் அச்சிட்டு முடித்தது.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊர்க்கூட்டம்.
விடுதிக்கார ஹென்னிங் ஓலன்டோர்ஃப் மேசையைத் தட்டினார்:
"விருந்தாளிகள் காட்டைப் பார்க்க வருகிறார்கள்,
சுடுகாட்டைப் பார்க்க அல்ல.
வெட்டுங்கள். மறுபடியும் நடுங்கள்."
கைதட்டல்.
வனக்காவலர் வீப்கே ஆல்போர்ன்
மரப்பட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்.
"செத்தது நிற்கட்டும். நாங்கள் நடப்போவதில்லை."
"சம்பளம் எதற்கு?" என்றது பின்வரிசை.
"காத்திருப்பதற்கு."

என் சட்டைப்பையில் அந்தத் தாளின் நகல்.
கவிதையைப் படிக்கத்தான் எழுந்தேன்.
எழுந்தபின் தாளைத் திருப்பிக்கொண்டேன்.
கீழைச் சரிவு, பீச், நானூற்றுப் பன்னிரண்டு.
ஓடைக்கரை, ஓக், தொண்ணூறு.
பக்கத்தின் அடிவரை படித்தேன்.
ஓரிடத்திலும் ஸ்புரூஸ் வரவில்லை.

"கீழைச் சரிவில் பீச்சா?" என்றார் ஓலன்டோர்ஃப்.
குரல் இறங்கியிருந்தது.
"என் விடுதிக்குப் பின்னாலா?"

தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.
காபி ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீப்கே என்னை மேலே கூட்டிப்போனார்.
சாம்பல் நிறத் தூண்கள், நடுவே தாராளமாய் வானம்.
விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி
முழங்கால் வலித்தது.
அழகு என்று சொல்ல வாய் வரவில்லை,
அதற்கான சொற்களையெல்லாம்
பழைய காட்டுக்கே செலவழித்துவிட்டோம்.
அழுகிய கட்டையின் மறைவில் அவர் குனிந்தார்.
இரண்டு இலை.
ஏதோ ஒரு பறவை புதைத்து மறந்த கொட்டை.
அப்பால் இன்னொன்று. பிறகு, மூன்று சேர்ந்தாற்போல.

நனைந்த குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினார்:
கீழைச் சரிவு, பீச், பதினேழு.

அந்தத் தாளின் மறுபக்கத்தைக்
காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.